பியெரோவின் தரையை நம் கையால் வரைவது எப்படி

நான் ஓவியம் படித்தவன் இல்லை. 31 வருடம் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவன். டி-ஸ்கொயர், செட்-ஸ்கொயர், டிரேசிங் தாள், கடைசிப் பத்து வருடம் கணினி. லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒருநாள் மழைக்காக நேஷனல் கேலரிக்குள் நுழைந்தேன். அங்கேதான் பியெரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்த ‘கிறிஸ்துவின் திருமுழுக்கு’ படத்தை முதல்முதலாகப் பார்த்தேன். ஏறக்குறைய ஐந்தரை அடி உயரமுள்ள பலகை. நடுவில் கிறிஸ்து கைகூப்பி நிற்கிறார். கூப்பிய கை, தலைக்கு மேல் யோவான் சாய்த்துப் பிடித்த கிண்ணம், அதற்கும் மேலே மேகத்துண்டு மாதிரி சிறகு விரித்த புறா, மூன்றும் ஒரே நேர்கோட்டில். கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்பியதைப்போல இருந்தது. அரை மணி நேரம் நான் அங்கிருந்து நகரவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்தது கொஞ்சம்தான் ஒட்டியது. அவர் சொல்லிக்கொடுத்த முறைப்படி ஒரு தரையைப் பென்சிலால் போட்டுப் பார்த்த அன்றுதான், அந்த நேர்கோடும் அந்த அமைதியும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தது. அந்த வரைதலைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் போதும்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். இத்தாலியில் டஸ்கனியின் கிழக்கு ஓரத்தில் தைபர் ஆற்றின் மேல்பகுதியில் போர்கோ சான்செபோல்க்ரோ என்ற சிறிய ஊர். 1412-க்கும் 1420-க்கும் இடையில் ஏதோ ஒரு வருடத்தில் அங்கே பிறந்தார். அப்பா பெனதெத்தோ தோலும் கம்பளியும் விற்ற வியாபாரி. வியாபாரி வீட்டுப் பையன்கள் அந்தக் காலத்தில் கடைக்கணக்குப் படித்தாக வேண்டும்: சரக்குக்குச் சரக்கு மாற்றுவது, கூட்டாளிகளுக்கு லாபம் பிரிப்பது, பீப்பாய்க்குள் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து சொல்வது. பியெரோ இந்தக் கணக்கை மறக்கவே இல்லை. பின்னாளில் அதைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதினார். 1439-ல் ஃபிளாரன்ஸில் தொமெனிகோ வெனெத்சியானோ என்ற ஓவியருடன் வேலை செய்ததற்குப் பதிவு இருக்கிறது. அப்புறம் வாழ்நாள் முழுக்க அரெட்சோ, உர்பினோ, ரிமினி, ரோம் என்று வேலைக்குப் போவதும் சொந்த ஊருக்குத் திரும்புவதுமாகவே இருந்தார். ‘ஓவியத்துக்கான பெர்ஸ்பெக்டிவ்’ (தட்டையான பரப்பில் தூரத்தைக் காட்டும் முறை) என்று அவர் எழுதிய நூல்தான் நமக்கு வேண்டியது. ஓவியம் என்பது மூன்று பகுதி என்று அதன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: வரைகோடு, அளவு, வண்ணம். அதில் நடுவில் உள்ள ‘அளவு’ பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன் என்கிறார்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு முழுச் சார்ட் அட்டை, நீளமான ஸ்கேல், ஒரு செட்-ஸ்கொயர், கூராகச் சீவிய கெட்டிப் பென்சில். மொக்கைப் பென்சில் கூடாது. நான் முதல் தடவை சாதாரணப் பென்சிலால் போட்டேன்; கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர். ஒவ்வொரு சந்திப்பிலும் அரை அரையாக விலகி, கடைசி வரிசைக்குப் போகும்போது கட்டங்கள் எல்லாம் சரிந்துபோயின. அந்த அட்டையைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அட்டையை நெட்டுவாக்கில் வையுங்கள். நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே 24 செ.மீ. நீளத்தில் ஒரு கிடைக்கோடு. இதுதான் அடிக்கோடு, தரை நம் காலடியில் தொடங்கும் இடம். இந்தக் கோட்டின் நடுவிலிருந்து நேர் மேலே 18 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அதற்குக் ‘க’ என்று பெயர் போடுங்கள். கண்ணுக்கு எதிரே இருக்கும் புள்ளி. பார்வைக்கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் இடம். அடிக்கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் ‘க’ வரைக்கும் மெல்லிய கோடு இழுங்கள். ஒரு கூடாரம் கிடைத்துவிட்டது.

நாம் போடப்போவது 24-க்கு 24 சதுரத் தரை. அதன் பின் ஓரம் இந்தக் கூடாரத்தில் எந்த உயரத்தில் வரும்? இந்த ஒரு கேள்வியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. பார்ப்பவர் கண் அட்டையிலிருந்து 48 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரையின் பின் ஓரம் அட்டைக்கு அந்தப் பக்கம் 24 செ.மீ. ஆக, கண்ணிலிருந்து பின் ஓரம் வரை தரையோடு அளந்தால் 72. கண்ணின் உயரம் 18. பார்வைக்கோடு 72 தூரத்தில் 18 இறங்குகிறது. பின் ஓரத்திலிருந்து அட்டை வரை 24 தூரம். அதற்கு எவ்வளவு ஏறும்? 72-க்கு 18 என்றால் 24-க்கு 6. மூன்று எண் தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடிக்கும் கணக்கு. பத்து முழம் துணிக்கு இவ்வளவு விலை என்றால் மூன்று முழத்துக்கு எவ்வளவு என்று சான்செபோல்க்ரோ கடைத்தெருவில் பையன்கள் போட்ட அதே கணக்கு. இதை எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. அப்பாவின் கடைக் கணக்குதான் மகனின் ஓவியத்துக்குள் தரையாக வந்து படுத்திருக்கிறது.

அடிக்கோட்டிலிருந்து 6 செ.மீ. உயரத்தில், கூடாரத்தின் இரண்டு சரிவுகளையும் தொடுகிற மாதிரி ஒரு கிடைக்கோடு போடுங்கள். அளந்து பாருங்கள், சரியாக 16 செ.மீ. இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால் இப்போதே அழித்துத் திருத்துங்கள். இந்த இடத்தில் விட்ட பிழை கடைசிவரை கூடவே வரும்.

இனிக் கட்டங்கள். அடிக்கோட்டை 4 செ.மீ. வீதம் ஆறு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ‘க’வை நோக்கிக் கோடு இழுத்துப் பின் ஓரத்தில் நிறுத்துங்கள். நீளவாக்குக் கோடுகள் முடிந்தன. குறுக்குக் கோடுகளை எங்கே போடுவது? பலரும் தடுமாறுவது இங்கேதான். சமமான இடைவெளியில் போட்டால் தரை சுவர்போல நிமிர்ந்து நிற்கும். கண்ணளவாகக் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துக்கொண்டே போனால் தரை நடுவில் மடங்கினாற்போல் தெரியும். ஒவ்வொரு வரிசையையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கும் பழக்கம் அந்தக் காலத்து ஓவியர்களிடம் இருந்தது. அது தவறு என்று, ஓவியக்கலை பற்றி நூல் எழுதிய இத்தாலியர் ஆல்பெர்ட்டி 1435-லேயே எழுதிவிட்டார்.

வழி மிக எளிது. அடிக்கோட்டின் இடது முனையிலிருந்து பின் ஓரத்தின் வலது முனைக்கு ஒரே ஒரு மூலைவிட்டம் போடுங்கள். அது நீளவாக்குக் கோடுகளை எங்கெல்லாம் வெட்டுகிறதோ, அங்கெல்லாம் ஒரு கிடைக்கோடு. அவ்வளவுதான். சதுரத்தை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதன் மூலைவிட்டம் நேர்கோடாகவே இருக்கும், கட்டங்களின் மூலைகளைத் தொட்டுக்கொண்டே போகும். அந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டு முழுத் தரையையும் கட்டிவிடலாம்.

இப்போது வரிசைகளை அளந்து பாருங்கள். முன்வரிசையிலிருந்து பின்னோக்கி ஏறத்தாழ 14, 12, 10, 9, 8, 7 மில்லிமீட்டர். கூட்டினால் 60. குறைவதிலும் ஓர் ஒழுங்கு. முதலில் சட்டென்று குறைந்து, போகப் போக நிதானமாகக் குறைகிறது. சந்தேகம் இருந்தால் எதிர்ப்பக்க மூலைவிட்டத்தையும் போடுங்கள். அதுவும் எல்லா மூலைகளையும் தொட்டுப் போனால் தரை சரி. இரண்டு மூலைவிட்டங்களும் வெட்டும் இடம்தான் தரையின் உண்மையான நடு. அது 3 செ.மீ. உயரத்தில் இருக்காது, 3.6-ல் இருக்கும்.

கட்டங்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்று மை பூசுங்கள். அப்புறம் அட்டையைச் சுவரில் ஒட்டி, ‘க’ புள்ளிக்கு நேர் எதிரே 48 செ.மீ. தூரத்தில் ஒரு கண்ணை வைத்து, மற்றதை மூடிக்கொண்டு பாருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு தரை மெதுவாகப் படுக்கும். நான் என் பேத்தியை நிற்கவைத்துக் காட்டினேன். அவள் கையை நீட்டி அட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த படி, தரைமேல் நமக்குப் பிடித்த உருவத்தைப் படுக்கவைப்பது. பியெரோ இதை ஒரே தாளில் செய்கிறார்: அடிக்கோட்டுக்குக் கீழே உண்மையான பிளான் (நேர் மேலிருந்து பார்க்கும் வரைபடம்), மேலே சுருங்கிய தரை. நாமும் அடிக்கோட்டுக்குக் கீழே 24-க்கு 24 உண்மைச் சதுரம் போடுவோம். அதற்குள் ஓர் எண்கோணம். ஒவ்வொரு பக்கத்திலும் 7-வது செ.மீ.-லும் 17-வது செ.மீ.-லும் புள்ளி வைத்து, மூலைகளைக் குறுக்காகச் சேர்த்தால் எட்டுப் பக்கமும் ஏறக்குறைய 10 செ.மீ. வரும். இதை மேலே கொண்டுபோக வேண்டும்.

அடிக்கோட்டில் 7, 17 என்ற இரண்டு புள்ளிகளிலிருந்தும் ‘க’வை நோக்கிக் கோடு. அவை பின் ஓரத்தைத் தொடும் இடங்கள் பின்பக்கத்து இரண்டு மூலைகள். அதே கோடுகள் மூலைவிட்டத்தை வெட்டும் இடங்களிலிருந்து கிடைக்கோடுகள் இழுத்தால், அவை சரிவுகளைத் தொடும் நான்கு இடங்கள் பக்கத்து மூலைகள்; உயரம் சுமார் 2.3, 4.7 செ.மீ. முன்னிரண்டு மூலைகள் அடிக்கோட்டிலேயே இருக்கின்றன. எட்டையும் சேருங்கள். தரையில் படுத்த எண்கோணம் தயார்.

உருவம் ஒழுங்கில்லாமல் இருந்தால் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு வழியாகக் கொண்டுபோக வேண்டும். பிளானில் உள்ள புள்ளியிலிருந்து நேராக அடிக்கோட்டுக்கு வந்து, அங்கிருந்து ‘க’வுக்கு ஒரு கோடு. அதே புள்ளியிலிருந்து கிடையாகப் பிளானின் மூலைவிட்டத்துக்குப் போய், அங்கிருந்து நேராக அடிக்கோட்டுக்கு வந்து, ‘க’வை நோக்கித் திரும்பி, மேலே உள்ள மூலைவிட்டத்தைத் தொட்டு, அங்கிருந்து கிடையாக இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடம்தான் அந்தப் புள்ளியின் புது வீடு. (கீழே உள்ள மூலைவிட்டமும் இடது முனையிலிருந்தே கிளம்ப வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டு நான் ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.)

இவ்வளவு போட்ட பிறகு உர்பினோவில் உள்ள பியெரோவின் ‘கசையடி’ படத்தின் நல்ல அச்சு ஒன்றை எடுத்துப் பாருங்கள். 58 செ.மீ. உயரம், 81 செ.மீ. அகலம், நம் சார்ட் அட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இடப்பக்கம் தூண்கள் உள்ள மண்டபத்தில், தூரத்தில், கிறிஸ்துவைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள். வலப்பக்கம், மிக அருகில், மூன்று பேர் நிற்கிறார்கள். அந்த மூவர் யார் என்று இன்றுவரை அறிஞர்கள் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் ஆர்வமில்லை. நான் தரையைப் பார்க்கிறேன். வெள்ளைப் பட்டைகளும் செங்கல் நிறக் கட்டங்களும் முன்னிருந்து உள்ளே போகின்றன. நாம் பிளானிலிருந்து படத்துக்குப் போனோம். ஆய்வாளர்கள் இந்தப் படத்திலிருந்து திரும்பி வந்து, அந்த மண்டபத்தின் பிளானையே போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டடத்தின் புகைப்படத்தைக் கொடுத்து பிளான் போடச் சொன்னால்கூட எங்களுக்குத் திணறும். இது மனதுக்குள் மட்டும் கட்டிய கட்டடம். ஆனாலும் தரை ஓடு எண்ணிக்கை வரை சரியாக வருகிறது.

கண்மட்டம் எங்கே என்றும் பாருங்கள். நீளவாக்குக் கோடுகளின் மேல் ஸ்கேல் வைத்து நீட்டினால், நிற்பவர்களின் தலைகளுக்கு மிகவும் கீழே போய்ச் சேர்கின்றன. அதனால்தான் முன்னால் நிற்கும் மூவரும் ஓங்கி நிற்கிறார்கள், அடிபடுகிறவர் சிறுத்துத் தெரிகிறார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அங்கே நடப்பது கண்ணில் படவில்லை. அந்தத் துயரத்தை முகபாவத்தால் காட்டாமல் தூரத்தால் காட்டியிருக்கிறார். தூரத்தை அளந்து போட்டிருக்கிறார். இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உங்கள் தரையில் ஆள் நிறுத்த வேண்டுமா? முன் ஓரத்தில் ஆளின் முழு உயரத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அதன் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் ‘க’வுக்குக் கோடு. எந்த வரிசையில் ஆளை நிறுத்துகிறீர்களோ, அந்த வரிசையில் இரண்டு கோட்டுக்கும் இடையில் உள்ள உயரம்தான் அங்கே அவர் உயரம். முன்னால் 20 செ.மீ. என்றால் தரையின் நடுவில் 16. தூணுக்கும் இதே முறைதான்.

நூலின் மூன்றாம் பகுதியில் பியெரோ போகிற தூரம் வேறு. மனிதத் தலை, தூணின் தலைப்பு என்று வளைந்த உருவங்களுக்கு மூலைவிட்ட வழி போதாது என்று சொல்லி, பிளானையும் எலிவேஷனையும் (நேர் எதிரிலிருந்து பார்க்கும் வரைபடம்) தனித்தனியாகப் போடுகிறார். கண் இருக்கும் இடத்தில் ஓர் ஆணி, அதில் பட்டு நூல் அல்லது குதிரைவால் மயிர், அதை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு புள்ளியையும் காகிதப் பட்டையிலும் மரப் பட்டையிலும் குறித்துக்கொள்வது. ஒரு தலைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகள். தடிமனான நூல் வைத்தால் அளவு பிசகும் என்றுதான் மெல்லிய மயிரைச் சொல்கிறார். மொக்கைப் பென்சிலால் ஒரு அட்டையைக் கெடுத்தவன் என்ற முறையில் அந்த வரி எனக்கு மிக நெருக்கமானது.

இப்படி வேலை செய்கிறவர் வேகமாக முடிப்பாரா? 1445-ல் சொந்த ஊர்ச் சங்கம் ஒன்று பலிபீடத்துக்கு மேலே வைக்கும் படம் வரையச் சொல்லி மூன்று வருடத்தில் தரவேண்டும் என்று ஒப்பந்தம் போட்டது. முடிய 15 வருடத்துக்கு மேல் ஆனது. ஆனால் தேவைப்பட்ட இடத்தில் அளந்து வைத்ததை மறுபடி பயன்படுத்தவும் தெரியும். மோன்தெர்கி ஊரில் கருவுற்ற மாதாவின் சுவரோவியம் இருக்கிறது. கூடாரத் திரையை விலக்கிப் பிடிக்கும் இரண்டு தேவதைகளும் ஒரே மாதிரித்தாளிலிருந்து வந்தவர்கள். ஒருவரைப் போட்டுவிட்டுத் தாளைத் திருப்பி மற்றவரைப் போட்டிருக்கிறார். ஒரு மாடியில் எதிரெதிர் வீடு வந்தால் டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு ‘மிரர் பிளான்’ எடுப்போமே, அதே வேலை.

விதியை மீறவும் செய்தார். சான்செபோல்க்ரோவில் ஊர் நிர்வாகம் கூடிய மாளிகைச் சுவரில் வரைந்த ‘உயிர்த்தெழுதல்’ படத்தில் உறங்கும் காவலர்களைக் கீழிருந்து பார்க்கிறோம். கல்லறை விளிம்பில் கால் ஊன்றி எழும் கிறிஸ்துவின் முகம் மட்டும் நமக்கு நேர் எதிரே இருக்கிறது. ஒரே படத்தில் இரண்டு கண்மட்டம். தரை போடத் தெரியாதவர் செய்திருந்தால் பிழை. இவர் செய்தபோது, அந்தப் பார்வையிலிருந்து யாரும் தப்பிக்க முடியாதபடி ஆகிவிட்டது.

கடைசிக் காலத்தில் பியெரோவுக்குப் பார்வை போய்விட்டது என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். தான் சிறுவனாக இருந்தபோது பியெரோவின் கையைப் பிடித்துத் தெருவில் கூட்டிப்போனதாக விளக்குக்கூடு செய்யும் ஒருவர் பின்னாளில் சொன்ன குறிப்பும் உண்டு. ஆனால் 1487-ல் உயிலைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். 1492 அக்டோபர் 12 அன்று இறந்தார். அதே ஊர்க்காரர் லூகா பாச்சோலி (வணிகவியல் படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவு முறையின் வழியாகத் தெரிந்த பெயர்) 1509-ல் வெளியிட்ட தன் நூலில், ஒழுங்கு திண்மங்களை (கனசதுரம்போல எல்லா முகங்களும் ஒரே மாதிரி உள்ள உருவங்கள்) பற்றிப் பியெரோ எழுதியதைப் பெயர் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார். வசாரிக்கு அதில் கடும் கோபம். எனக்கும்தான்.

முதல் அட்டை சரியாக வந்துவிட்டதா? இரண்டாவது அட்டையில் ‘க’வை 18-க்குப் பதில் 9 செ.மீ. உயரத்தில் வையுங்கள்; பின் ஓரம் 6-லிருந்து 3-க்கு இறங்கிவிடும். மூன்று ஆட்களை முன் ஓரத்திலும் ஒருவரைப் பின் ஓரத்திலும் நிறுத்துங்கள். எல்லாருக்கும் உயரம் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பின்னால் இருப்பவர் 13 செ.மீ.-க்குச் சற்று மேலே வருவார். நான்கு தலைகளையும் ஸ்கேல் வைத்து ‘க’வோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ‘கசையடி’ அச்சைப் பக்கத்தில் வையுங்கள்.